சாமி தலைக்கு மேலே இல்லாத கம்பி

ஆடி வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து ஈரத் துண்டைச் சுற்றியிருந்த ராமுத்தாய், மாவிளக்குக்கு ஊறவைத்த பச்சரிசியை மிக்சியில் போட்டு மூடியை அழுத்தினாள். மிக்சி ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. தலைக்கு மேலே மின்விசிறியும் நின்றது.

"ஆத்தா ஹேமா! கரண்டு போயிருச்சு!"

கரண்ட் போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மாமியாரை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. எதிர்வீட்டு பவுனு வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

தொடர்ந்து படித்துவருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியகுளத்துப் பெண் ஹேமாவதி, மார்க்கையன்கோட்டைப் பக்கத்து வாழைத் தோட்டக்காரன் விஜய்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பொறியியல் கல்லூரியில் மின்சாரப் பாடம் நடத்துகிறாள். சீர்வரிசையோடு ஓர் ஆராய்ச்சியையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டாள்.

ஆராய்ச்சி இதுதான். மின்கம்பியில் ஓரிடத்தில் கோளாறு என்றால் அந்த நொடியிலேயே அங்கிருந்து ஓர் அலை கிளம்பி, கம்பி வழியே இரண்டு பக்கமும் ஓடுகிறது. கண்ணை இமைப்பதற்குள் அது ஊரையே தாண்டிவிடும். அவள் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று துணை மின்நிலையத்தில் இருக்கிறது. இன்னொன்று, கம்பி போய் முடிகிற இவர்கள் தோட்டத்து டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. அலை எந்தப் பெட்டிக்கு முதலில் வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று பார்த்தால் கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லிவிடலாம்.

ராமுத்தாய் இதை ஊருக்கு வேறு மாதிரி சொல்லிவைத்திருந்தாள். "ஊருக்கு அந்தக் கோடியில ஒரு ஆளு, இந்தக் கோடியில ஒரு ஆளு. நடுவுல எங்கிட்டோ வேட்டுப் போடுறாக. யாருக்கு மொதல்ல கேட்டுச்சுன்னு விசாரிச்சா வேட்டுப் போட்ட எடம் தெரிஞ்சுரும்ல? அதைத்தேன் எங்க ஹேமா பெட்டி செய்யிது."

கல்லூரியில் ஹேமாவதி இதையே சொல்லிக்கொடுக்கப் பத்து நாள் ஆகிறது.

ஆனால் போன மாதம் ஒரு கோளாறு வந்தபோது பெட்டி மூன்று போஸ்ட் தள்ளி இடம் காட்டியது. லைன்மேன்கள் வெயிலில் அலைந்து திரும்பினார்கள். உதவிப் பொறியாளர் வைகுண்டராஜ் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. "இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம். அதுவும் தப்புன்னா பெட்டியைக் கழட்டிடலாம்மா" என்று சொல்லியிருந்தார். கழற்றினால் மூன்று வருட உழைப்பும் அன்றோடு சரி.

அந்த ஒரு தடவை இன்றைக்கு வந்துவிட்டது.

ஹேமாவதி மடிக்கணினியோடு கூடத்துக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே விஜய்பாண்டி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"ரெண்டு பெட்டியும் அலையைப் பிடிச்சிருச்சு அத்தை! சுத்தமா பிடிச்சிருக்கு."

"எங்கனன்னு காட்டுது?"

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது. ஹேமாவதி படத்தைப் பெரிதாக்கினாள். "கருப்பசாமி தோப்பு. நட்ட நடுத் தோப்பு."

விஜய்பாண்டியின் கை மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டது.

"நடுத் தோப்பா? நல்லாப் பாத்தியா ஹேமா?"

"நான் எங்கங்க பாக்கிறது, பெட்டி பாத்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே வைகுண்டராஜுக்குப் போன் போட்டாள். துணை மின்நிலையத்திலும் பிரேக்கர் விழுந்து, லைனுக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஊர் முழுக்க மோட்டார்கள் ஓடாமல் கிடந்தன. "தோப்புக்கே வந்துடுறோம், நீங்களும் வாங்க" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை விரதத்தோடு ராமுத்தாயும் கிளம்பினாள். லைன்மேன்களுக்கு என்று ஒரு தூக்குவாளி நிறைய மோர் வேறு. மருமகள் ஜெயிப்பதை நேரில் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது.

தோப்பு என்றால் புளியும் மருதமும் அடர்ந்து, வெயில் தரைக்கு வராத இடம். ஓரத்தில் ஓர் எல்லைக்கல் நட்டிருக்கிறது. பெண்கள் அந்தக் கல்லோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள், உள்ளே போகும் வழக்கமில்லை. மாமியாரும் மருமகளும் கல்லருகே நின்றார்கள். ஆடிக் காற்று புளியங்கிளைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

ஜீப்பிலிருந்து வைகுண்டராஜும் லைன்மேன் கோட்டைச்சாமியும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். கோட்டைச்சாமி திரையைப் பார்த்தார். தோப்பைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"மேடம், இந்தப் புள்ளி இருக்கது கருப்பன் தலைக்கு நேரா மேல."

"சரிங்கண்ணே. அந்த இடத்துலதான் கோளாறு."

"அங்கன கம்பியே கெடையாதே!"

கூட வந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். ஹேமாவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"லைன் தோப்புக்குள்ள நேரா போகுதுல்ல?"

"எப்பிடிப் போகும்? லைன் இழுத்தப்பயே, சாமி தலைக்கு மேல கம்பி போகக்கூடாதுன்னு ஊரு பெரியவுக குறுக்க நின்னுட்டாக. இங்கன உள்ள நொழஞ்சதும் ஒடிச்சு, கோயிலுக்குப் பின்னால சுத்தி, அங்கிட்டு வெளியேறுது. பானா எழுத்து மாதிரி. மரத்துக்குள்ள கெடக்கதால ரோட்டுல இருந்து பாத்தா தெரியாது."

"ஊருக்கே தெரிஞ்ச விசயந்தான" என்றாள் ராமுத்தாய், மெதுவாக. "உனக்குத் தெரியாதா ஆத்தா?"

தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து வந்த மருமகளுக்கு அது எப்படித் தெரியும்?

ஹேமாவதிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. பெட்டி கணக்குப் போட, கம்பியின் மொத்த நீளம் வேண்டும். அந்த நீளம் குறைந்தால் காட்டுகிற இடமும் தவறும். போன மாதம் மூன்று போஸ்ட் தள்ளிக் காட்டியதற்கும் இதுதான் காரணம். சித்திரையில் அவள்தான் போஸ்ட் போஸ்ட்டாக நடந்து லைனை அளந்தாள், இந்தத் தோப்பைத் தவிர. இந்த எல்லைக்கல்லில் நின்றுகொண்டு, கையிலிருந்த கருவியைக் கணவனிடம் கொடுத்து, "உள்ள மட்டும் நீங்க அளந்துட்டு வாங்க" என்று அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவன், "நேராத்தான் போகுது ஹேமா, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு கோடு போட்டுக்க" என்றான்.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். விஜய்பாண்டி ஒரு புளியமரத்தின் உச்சியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வைகுண்டராஜ் தொண்டையைச் செருமினார்.

"கம்பியே இல்லாத இடத்துல கோளாறு காட்டுற பெட்டியை நான் எதுக்கும்மா வச்சிருக்கணும்? மேல இருந்து கேட்டா என்ன பதில் சொல்றது?"

"பெட்டி தப்பில்ல சார். நீளம் தப்பு. அதைத் திருத்திட்டா சரியா சொல்லும்."

"நீளத்தை யார் அளந்தது?"

ராமுத்தாய் பக்கத்தில் நிற்கிறாள். நாலு ஆண்பிள்ளைகள் எதிரில் நிற்கிறார்கள். இவர்கள் நடுவில் கணவனைக் காட்டிக்கொடுக்க ஹேமாவதிக்கு மனம் வரவில்லை.

"நான்தான் சார். என் தப்பு."

"லைன் நீளத்தையே சரியா அளக்காதவங்க சொல்றதை நம்பி நான் ஆளை போஸ்ட்டுல ஏத்த முடியாது." அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. "கோட்டைச்சாமி, நீங்க வழக்கம் போல ஒவ்வொரு சுவிட்சா திறந்து, எந்தப் பகுதியில கோளாறுன்னு பாருங்க. லைன் சரியானதும் ரெண்டு பெட்டியையும் இறக்கிடுங்க."

ஹேமாவதிக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மடிக்கணினியை மூடினாள்.

விஜய்பாண்டிக்கு அந்த மூடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இவள் இந்தப் பெட்டிக்காகச் சாப்பிடாமல் கிடந்த நாட்கள் அவனுக்குத் தெரியும். சாலிடர் புகையில் கண் கலங்க உட்கார்ந்திருந்தது தெரியும். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அம்மாவை ஒருமுறை பார்த்தான். நெற்றி நிறையத் திருநீறும் விரதமுமாக அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று, "ஹேமா, ஒரு நிமிசம் இங்கிட்டு வா" என்றான்.

"என்னலே ரகசியம்? இங்கனயே சொல்லு" என்றாள் ராமுத்தாய்.

வேறு வழியில்லை.

"சார், அளந்தது அவ இல்ல. தோப்புக்குள்ள அளந்தது நான்." எல்லைக்கல்லைப் பார்த்தான். "அளக்கவே இல்ல சார். உள்ளயே போகல. கல்லுக்கு வெளிய இருக்க அந்தப் புளியமரத்துக்குப் பின்னால கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன். சுத்திப் போகுதுன்னா அளவைக் கேப்பாளேன்னு நேராப் போகுதுன்னுட்டேன்."

"ஏங்க?" என்றாள் ஹேமாவதி. அவளால் நம்ப முடியவில்லை.

"போக முடியாத நெலமை."

"என்னலே நெலமை?" என்றாள் ராமுத்தாய். "காலு கையி நல்லாத்தான இருக்கு?"

விஜய்பாண்டி தரையைப் பார்த்தான்.

"அன்னைக்குக் காலையில உத்தமபாளையத்துல உமர் பாருக் தங்கச்சி கல்யாணம்மா. ஷர்மினுக்கு. கூடப் படிச்சவன், போகாம இருக்க முடியுமா? போனேன். பந்தியில உக்கார வச்சுட்டான்."

"அதுக்கென்ன, நல்ல காரியம்தான?"

"பிரியாணி போட்டாக."

"கல்யாணம்னா போடத்தான் செய்வாக…" என்று ஆரம்பித்த ராமுத்தாயின் வாய் பாதியில் நின்றது. சித்திரை. ஊரில் காப்புக் கட்டிக் கம்பம் நட்டிருந்த நேரம். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரை முட்டைகூடத் தொடாத ஊர் அது. தொட்டவன் கருப்பன் எல்லையை மிதிக்கமாட்டான். அவ்வளவு தைரியம் அங்கே யாருக்கும் கிடையாது.

"காப்புக் கட்டுனப்பொறவா?"

விஜய்பாண்டி தலையாட்டினான்.

வைகுண்டராஜ் கேட்டார்.

"ஒரு பிளேட்டா?"

"ரெண்டு சார்."

கோட்டைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் சாய்ந்தார். "அந்தப் பிரியாணிக்கு ரெண்டு பிளேட்டு பத்தாது சார்! நானும் அதே பந்தியிலதேன் இருந்தேன்! எங்க ஊருல காப்பு இல்ல, நான் தப்பிச்சேன்!"

வைகுண்டராஜும் சிரித்தார். அடக்கிப் பார்த்து, முடியாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஹேமாவதிக்கு ஒரு பக்கம் அழுகையும் ஒரு பக்கம் சிரிப்புமாக வந்து, கடைசியில் சிரிப்புத்தான் ஜெயித்தது. சிரிக்காத ஒரே ஆள் ராமுத்தாய்.

"சரி, பெட்டி பாவம், தின்னது நீங்க" என்றார் வைகுண்டராஜ். "இப்பப் போய் அளந்துட்டு வாங்க. உங்க அளவைப் போட்டுப் பெட்டி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். அதுக்கப்புறம் முடிவு."

விஜய்பாண்டி செருப்பைக் கழற்றினான்.

"நில்லுலே" என்றாள் ராமுத்தாய். "இன்னைக்கு என்னத்தத் தின்ன?"

"இட்லிம்மா. நீ ஊத்துனதுதான்."

"போ."

அவன் கையில் கருவியோடு உள்ளே போனான். கம்பி ஒடிகிற போஸ்ட்டிலிருந்து தொடங்கி, கோயிலுக்குப் பின்னால் முள்ளிலும் சருகிலும் ஒவ்வொரு போஸ்ட்டடியிலும் நின்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வெளியே வந்தான். காலில் இரண்டு முள். அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஹேமாவதி புது நீளத்தைப் போட்டாள். அலை வந்த நேரம் அதேதான், ஓடிய வேகமும் அதேதான். கம்பி மட்டும் இப்போது சாமியைச் சுற்றிக்கொண்டு போனது. சிவப்புப் புள்ளி கருப்பன் தலையிலிருந்து நகர்ந்து, தோப்பின் பின்பக்கம் போய் உட்கார்ந்தது.

"பின்பக்கம், கெழக்கு மூலை போஸ்ட். இல்லன்னா அதுக்கு அடுத்தது."

"அந்தப் போஸ்ட்டை இப்பப் பாத்துட்டுத்தான வர்றேன். கம்பி நல்லாத்தான் நிக்குது" என்றான் விஜய்பாண்டி. சொன்ன பிறகுதான், இன்றைக்குத் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது.

கோட்டைச்சாமி சிரிப்பை விட்டுவிட்டு வேலைக்காரராக மாறினார். லைனில் மின்சாரம் விடமாட்டோம் என்று துணை மின்நிலையத்தில் லைன் கிளியர் வாங்கி, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்துவிட்டு, ஏணியோடு ஆட்கள் உள்ளே போனார்கள். வைகுண்டராஜும் விஜய்பாண்டியும் கூடப் போனார்கள்.

எல்லைக்கல்லில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று மரங்கள் காட்டவில்லை. மூன்று வருடம் பாடுபட்டவள் கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்க, முடிவு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. ராமுத்தாயின் கை எப்போதோ வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து கோட்டைச்சாமியின் குரல் வந்தது.

"மேடம்! கம்பியைத் தாங்குற பீங்கான் வெடிச்சிருக்கு! கீழ இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல! தொடச்சுப் பாத்தா முடி கணக்கா கீறல், சுத்தியும் கருகிக் கெடக்கு!"

"எந்தப் போஸ்ட்டுண்ணே?" என்று ஹேமாவதி கத்தினாள். இத்தனை சத்தமாக அவள் புகுந்த ஊரில் பேசியதே இல்லை.

"கெழக்கு மூலை!"

ராமுத்தாய் அந்த மணிக்கட்டை நசுக்கிய நசுக்கில் இரண்டு வளையல்கள் உடைந்தன. "வளவி போனாப் போகுது" என்று சொல்லி மருமகளின் கன்னத்தைத் தடவி, நெட்டி முறித்தாள்.

பீங்கானை மாற்றிக் கம்பியைக் கட்டியதும் ஊர் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனக ஆரம்பித்தன. வெளியே வந்த வைகுண்டராஜ் இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

"போஸ்ட் போஸ்ட்டா ஏறியிருந்தா சாயந்திரம் ஆகியிருக்கும். பெட்டி இருக்கட்டும்மா. குச்சனூர் லைனுக்கும் ரெண்டு கேட்கலாம்னு இருக்கேன்."

ஹேமாவதி இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர், ஜீப்பில் ஏறிக்கொண்டே. "அந்தத் தோப்பு அளவை நீங்களே உங்க கையால இன்னொரு தடவை எடுத்துக் கொடுங்க. நான் மேல அனுப்பணும். உங்க வீட்டுக்காரர் அளவை மட்டும் நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி."

தம்பி தப்பாக நினைக்கவில்லை. ஜீப் போய்விட்டது. வெளியூர்க்காரரான அவருக்கு எல்லைக்கல் சங்கதி கவனத்துக்கே வரவில்லை. ஹேமாவதி கல்லைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. ராமுத்தாய் மருமகளுக்கு இலை போட்டு, தானே பரிமாறினாள். பருப்பு, முருங்கைக்காய்க் கூட்டு, பாயசம். மகனுக்கும் போட்டாள், அவன் முகத்தைப் பார்க்காமல். திட்டியிருந்தால் விஜய்பாண்டி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

"அம்மா, வர்ற திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்துருறேன்மா."

"எடு."

"கோவமா?"

ராமுத்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ தின்னதுக்குக் கோவம் இல்லலே. கூப்புட்ட வீட்டுல கை நனைக்காம வர்றதும் மரியாதை இல்ல. எல்லையை மிதிக்காம நின்ன பாரு, அதுவும் சரிதேன். ஆனா அவகிட்ட வந்து நேராப் போகுதுன்னு சொன்ன பாத்தியா, அதுதேன் எனக்கு ஆறல. அவ உன்னைய நம்பி அனுப்புனா. இன்னைக்கு எல்லாரு முன்னாடியும் உனக்காக அவ பழியை ஏத்துக்கிட்டா."

விஜய்பாண்டி தலை நிமிரவில்லை. "தப்புதான் ஹேமா" என்றான், இலையைப் பார்த்தபடியே.

"அதை விடுங்க, இன்னைக்காவது போஸ்ட் எண்ணெல்லாம் சரியாத்தான எடுத்தீங்க?" என்றாள் ஹேமாவதி. அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாயசத்தில் பாதியை அவன் இலைக்குத் தள்ளினாள்.

ராமுத்தாய் சிரிக்கவில்லை. வேறு ஏதோ யோசனையில் இருந்தாள்.

"அந்தச் சாரு உன்னையவே அளந்து குடுக்கச் சொன்னாக."

"ஆமா அத்தை. அதுதான் என்ன செய்யிறதுன்னு தெரியல. வேற யாரையாவது…"

"யாரை? இன்னொரு ஆம்பளையவா?" ராமுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நானும் கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அந்தக் கல்லோட நின்னு திரும்பிக்கிட்டு இருக்கேன். பொம்பளை உள்ள வரக்கூடாதுன்னு கருப்பன் சொன்னான்னு சொல்லுறாக. கருப்பன் யாருகிட்டச் சொன்னான்? அதையும் ஒருத்தன் உள்ள போயிக் கேட்டுட்டு வந்துதான சொல்லியிருப்பான்?"

மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போனானோ, இல்ல புளியமரத்துக்குப் பின்னால நின்னுட்டு வந்தானோ, யாரு கண்டா?"

விஜய்பாண்டிக்குப் புரை ஏறியது. ஹேமாவதி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனவள், செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

ராமுத்தாய் கைப்பேசியை எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஓர் எண்ணைத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் கோயில் பூசாரி சுருளியாண்டியின் குரல், ஒலிபெருக்கி போட்டது போல வீடு முழுக்கக் கேட்டது.

"என்ன ராமுத்தாயி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா?"

"பூசாரி, நாளைக்குக் காலையில கருப்பன் முன்னால பூ கட்டிப் பாக்கணும். செவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். எது வந்தாலும் கட்டுப்படுறோம். அவன்கிட்டயே நேராக் கேட்டுருவோம்."

"தாராளமா. என்ன காரியத்துக்கு?"

ராமுத்தாய் கைப்பேசியை மருமகளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு ஆத்தா. உன் வேலை."

ஹேமாவதி செம்பைக் கீழே வைத்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஐயா, நான் ஹேமாவதி. தோப்புக்குள்ள கம்பி அளக்கணும்."

"அதுக்கென்ன தாயி, அளக்கட்டும். யாரை அனுப்புற?"

"யாரையும் அனுப்பல ஐயா. நான் வாறேன்."

மறுமுனையில் பேச்சே இல்லை. ராமுத்தாய் மருமகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, கைப்பேசியை நோக்கிக் குனிந்தாள்.

"பூசாரி, காது கேக்குதா? ரெண்டு பேரு வாறோம்."